பொம்மை வீடும் காலி வீடும்

ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இரண்டு பொம்மை வீடுகள் இருக்கின்றன. (தேடினால் இன்னும் நிறைய கிடைக்கும். இந்தக் கட்டுரைக்கு இரண்டு போதும்.)

முதலாவது ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணி, ஒரு பட்டு வியாபாரியின் மனைவி, சுமார் 1686-ல் தொடங்கி 1710 வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்வித்தது. பொம்மை அளவுப் பீங்கான் சாமான்களை அந்தக் காலத்திலேயே சீனாவிலிருந்து தருவித்திருக்கிறார். தச்சர்கள், ஓவியர்கள் என்று எத்தனையோ பேருக்கு அதில் வேலை. மொத்தச் செலவைக் கூட்டினால், கால்வாய் ஓரத்தில் ஒரு நிஜ வீட்டையே வாங்கியிருக்கலாமாம்! குழந்தைகள் தொட்டு விளையாட அல்ல, பெரியவர்கள் வைத்து அழகு பார்க்கச் செய்த வீடு.

இரண்டாவது வீட்டைச் செய்யச் சொன்னது ஓர் அப்பா. அதுவும் குழந்தைகள் விளையாட அல்ல. அவருடைய இரண்டு பெண்களும் அப்போது உயிரோடு இல்லை.

அந்த வீட்டுக்குப் போகும் முன் ஒரு சின்னச் சுற்று.

*

பொம்மை வீடு செய்கிறவர்களுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றுக்குப் பன்னிரண்டு. நிஜத்தில் ஓர் அடி என்றால் பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். இங்கிலாந்தின் மேரி ராணிக்காக 1921-க்கும் 1924-க்கும் இடையில் லட்யன்ஸ் வடிவமைத்த பிரபலமான பொம்மை வீடு இந்த அளவில்தான் இருக்கிறது. (ஆமாம், புது டெல்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ்தான்.) இன்றைக்கும் உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆறடி மனிதர் அரையடி ஆகிவிடுவார். முப்பத்தாறு சென்டிமீட்டர் ரொட்டி மூன்று சென்டிமீட்டர்.

இந்த உலகத்துக்குள் ஒரு தனிப் பிரிவு, யூதக் குடும்ப வீடுகள். பெரிய வீட்டில் எது எது இருக்குமோ அதெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவில் இதில் இருக்கும். ஒரு மதத்தைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு வகை. ஒரு வீட்டின் சாமான் பட்டியலைப் படித்துத் தெரிந்துகொள்வது இன்னொரு வகை. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி :-)

வாசற்படியிலிருந்து ஸ்டாக் எடுக்கலாம்.

கதவு நிலையின் வலது பக்கம் ஒரு சின்ன நீளக் கூடு. இதன் பெயர் மெசூசா. அழகு கூட்டிற்கு, மதிப்பு உள்ளே இருப்பதற்கு. உபாகமத்தின் ஆறாம், பதினோராம் அதிகாரங்களிலிருந்து இரண்டு பகுதிகளை, தோலில், கையால், 22 வரிகளில் எழுதிச் சுருட்டி வைத்திருப்பார்கள். மொத்தம் 713 எழுத்துகள். ஓர் எழுத்து பிழையானாலும் செல்லாது. அச்சடித்தது செல்லவே செல்லாது.

இதில் பொம்மை வீட்டுக்காரருக்கு ஒரு சிக்கல். பத்து சென்டிமீட்டர் கூடு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். 713 எழுத்தை அதற்குள் எப்படி எழுதுவது? கூட்டை மட்டும் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். யூதச் சட்டப்படி இதில் குற்றம் ஒன்றும் இல்லை. நாலு முழத்துக்கு நாலு முழம், அதாவது ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கூட இல்லாத அறைக்கு மெசூசா தேவையே இல்லை என்று விதி இருக்கிறது. பொம்மை வீடுகளுக்கு ரபிகள் எப்போதோ விலக்கு கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சமையலறை. குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அந்த ஒரு வரியிலிருந்து ஒரு முழுச் சமையலறையே உருவாகிவிட்டது. பாலுக்குத் தனிப் பாத்திரம், இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, தனித்தனித் தட்டு. பாஸ்கா பண்டிகையின்போது புளித்த மாவு பட்ட எதுவும் கூடாது என்பதால் அதற்கும் தனியாக இரண்டு செட். ஆக, விதிப்படி நடக்கிற வீட்டில் நாலு செட். இப்படியொரு பொம்மை வீட்டில் இரண்டு அலமாரியும், இரண்டு நிறத் தட்டுகளும் இருந்தால், செய்தவர் விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம்.

பிறகு சாப்பாட்டு மேஜை. அநேகமாக எல்லா யூதப் பொம்மை வீடுகளிலும் அது வெள்ளிக்கிழமை சாயங்காலமாகவே இருக்கும். வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் திராட்சை ரசம், துணி போட்டு மூடிய இரண்டு பின்னல் ரொட்டிகள். ரொட்டியின் பெயர் ஹல்லா. ஏன் இரண்டு? வனாந்தரத்தில் மன்னா விழுந்த காலத்தில் ஓய்வுநாளுக்கும் சேர்த்து முந்தின நாளே இரண்டு பங்கு விழுந்ததன் ஞாபகம். மூன்று சென்டிமீட்டர் நீள ரொட்டியில் அந்தப் பின்னலைக் கொண்டுவர, களிமண்ணை நூல் நூலாகத் திரித்துப் பின்னுகிறார்கள்.

கடைசியாகப் பண்டிகைகள். இங்கேதான் ஒரு வேடிக்கை. ஹனுக்கா டிசம்பர் வாக்கில் வரும். பாஸ்கா மார்ச், ஏப்ரலில். மேலே இலை தழை பரப்பிய பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் சுக்கோத் செப்டம்பர், அக்டோபரில். பொம்மை வீட்டில் பெரும்பாலும் மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கும். ஜன்னலில் ஹனுக்கா விளக்கு, மேஜையில் பாஸ்கா தட்டு, கொல்லைப்புறத்தில் பந்தல். செய்தவருக்கு எதையும் விட மனசு வரவில்லை. ஒரு வருஷத்தையே மடித்து ஒரே நாளுக்குள் வைத்துவிட்டார்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வீட்டில் யாரும் வாழ்ந்ததில்லை. எல்லாப் பண்டிகையும், எல்லா விதியும், எல்லாப் பாத்திரமும் சரியாக இருக்கிற வீடு கண்ணாடிக்குப் பின்னால் மட்டும்தான் சாத்தியம்.

*

பிரின்சன்கிராக்ட் 263. முன்பக்கம் ஆபீஸ். ஜாம் கெட்டியாக உதவும் பெக்டின் விற்கிற கம்பெனி, மசாலாப் பொருள் விற்கிற கம்பெனி. பின்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பகுதி. ஓட்டோ ஃபிராங்க்கின் மூத்த பெண் மார்கோட்டுக்கு ஜெர்மனிக்கு வேலைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது 1942 ஜூலை 5-ம் தேதி. மறுநாளே குடும்பம் இந்தப் பின்கட்டுக்குள் போய்விட்டது. ஒரு வாரத்தில் வான் பெல்ஸ் குடும்பம், மூன்று பேர். நவம்பரில் ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற பல் டாக்டர். மொத்தம் எட்டுப் பேர்.

பெட்டி படுக்கையோடு ஒரு யூதக் குடும்பம் தெருவில் நடந்தால் சந்தேகம் வரும். அதனால் உடுப்பின் மேல் உடுப்பாகப் போட்டுக்கொண்டு, மழையில் நடந்தே வந்தார்கள். அவசரத்தில் பையில் எதை எடுத்து வைப்பது? சின்னப் பெண் ஆன் முதலில் எடுத்தது டைரி. அப்புறம் முடி சுருட்டுகிற கிளிப், கைக்குட்டை, பள்ளிப் புத்தகம், சீப்பு, பழைய கடிதங்கள். பதின்மூன்று வயசு.

கட்டில், மேஜை, பாத்திரம் எல்லாம் அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக அங்கே கொண்டு சேர்க்கப்பட்டிருந்தன. வந்த உடனே அப்பாவும் ஆனும் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். ஆன் தன் அறைச் சுவரில் சினிமா நட்சத்திரங்களின் படங்களைப் பசை தடவி ஒட்டினாள். மாடிக்குப் போகும் வழியை மறைத்து, கீல் வைத்த ஒரு புத்தக அலமாரி நின்றது. பகலில் கீழே ஆபீஸ் நடக்கிற வரைக்கும் செருப்புச் சத்தம் கூடாது, தண்ணீர் திறக்கக் கூடாது.

இந்த வீட்டில் யூத வாழ்க்கை எப்படி இருந்தது? பொம்மை வீட்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வான் பெல்ஸ் தம்பதி தூங்கின அறையேதான் எட்டுப் பேருக்கும் சமையலறை, சாப்பாட்டு அறை. நாலு செட் பாத்திரத்துக்கு எங்கே போவது? ரேஷன் கூப்பனும் கள்ளச் சந்தையும் கொடுத்ததைச் சாப்பிட வேண்டிய நிலைமை. அதோடு, ஃபிராங்க் குடும்பம் முன்பிருந்தே அவ்வளவு ஆசாரம் பார்க்கிற குடும்பம் அல்ல. அம்மா எடித்துக்குப் பக்தி அதிகம். தன் பிரார்த்தனைப் புத்தகத்தை ஆன் கையில் திணித்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஆன் சில ஜெபங்களைக் கடமைக்கு வாசித்ததாக எழுதிவைத்திருக்கிறாள். அந்த வயசில் எந்த வீட்டில்தான் வேறு மாதிரி நடக்கிறது?

1942 டிசம்பரில் ஹனுக்கா வந்தது. வீட்டில் மெனோரா இல்லை. வான் பெல்ஸ் மரத்தில் ஒன்று செய்தார். (அதே மாதம் அதே மனிதர் இறைச்சி அரைத்து சாஸேஜ் செய்து அறை முழுக்கத் தொங்கவிட்டார். மசாலா விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.) மெழுகுவர்த்திக்குத் தட்டுப்பாடு. அதனால் பத்து நிமிஷம் மட்டும் எரியவிட்டு அணைத்துவிட்டார்கள். சின்னச் சின்னப் பரிசுகள், ஒரு பாட்டு. ஒட்டியே கிறிஸ்தவர்களின் செயின்ட் நிக்கோலாஸ் பண்டிகையும் வந்தது. அதையும் கொண்டாடினார்கள். அதுதான் இன்னும் ஜாலியாக இருந்தது என்று ஆன் மறைக்காமல் எழுதியிருக்கிறாள்.

எந்தப் பொம்மை வீட்டுக்காரரும் இந்தக் காட்சியைச் செய்ய யோசிப்பார். மெனோரா கடையில் வாங்கியது இல்லை. விளக்கு அரை மணி நேரமாவது எரிய வேண்டும் என்பது விதி, எரிந்ததோ பத்து நிமிஷம். பக்கத்திலேயே அடுத்த மதத்துப் பண்டிகை.

ஆனால் ஹனுக்கா விளக்கைப் பற்றி டால்முடில் ஒரு சட்டம் இருக்கிறது. விளக்கை வீட்டு வாசலில், வெளியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில் வைக்க வேண்டும். அற்புதத்தை ஊருக்குச் சொல்வதுதான் அந்த விளக்கின் வேலை. அப்படிச் சொல்லிவிட்டு, கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள்: ஆபத்துக் காலத்தில் மேஜை மேல் வைத்தால் போதும்.

ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் முந்தைய வரி. அந்தக் காலத்திலேயே யாருக்கோ அது தேவைப்பட்டிருக்கிறது. திரை போட்ட அந்தப் பின்கட்டில் மேஜை மேல் எரிந்த மர மெனோராவுக்குச் சட்டத்தில் எப்போதோ இடம் ஒதுக்கி வைத்தாகிவிட்டது. ஜன்னலில் பளபளவென்று நிற்கிற பொம்மை மெனோரா நல்ல காலத்து விதி. இது கெட்ட காலத்து விதி. இரண்டும் யூத வீடுதான்.

*

1944 ஆகஸ்ட் 4-ம் தேதி போலீஸ் வந்தது. எட்டுப் பேரும் கைது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு என்ன ஆனது என்பது அதிகம் பேசப்படாத பகுதி. ஆம்ஸ்டர்டாமில் யூதர்களைக் கொண்டுபோன பின் அவர்களுடைய வீட்டுச் சாமான்களை ஜெர்மானியர்கள் சார்பில் வண்டி வைத்து அள்ளுவது ஒரு முறையான தொழிலாகவே நடந்தது. இந்த வேலையைச் செய்த புல்ஸ் என்பவரின் கம்பெனிப் பெயரிலிருந்து, வீட்டைத் துடைத்துக் காலி செய்வதற்கு டச்சு மொழியில் ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது. பின்கட்டும் அப்படித்தான் காலியானது. கட்டில், மேஜை, பாத்திரம் எல்லாம் போய்விட்டன. வண்டி வருவதற்குள், அந்தக் குடும்பங்களுக்கு உதவி செய்துவந்த மீப் கீஸும் பெப்பும் தரையில் சிதறிக் கிடந்த டைரித் தாள்களைப் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். சாமான் அள்ள வந்தவர்கள் கணக்கில் அந்தத் தாள்களுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

நெதர்லாந்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பியவர்கள் ஐயாயிரம் பேர் அளவில்தான். பின்கட்டின் எட்டுப் பேரில் திரும்பியவர் ஒருவர். ஓட்டோ ஃபிராங்க், 1945 ஜூன் மாதம் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். எடித் இறந்துவிட்டது அவருக்கு வழியிலேயே தெரிந்துவிட்டது. மார்கோட்டும் ஆனும் இல்லை என்பது வந்தபிறகுதான் உறுதியானது. டைரி 1947-ல் புத்தகமாக வந்தது.

1950-களில் அந்தக் கட்டடத்தை இடிக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 1957-ல் ஓர் அறக்கட்டளை அமைந்து, 1960 மே 3-ம் தேதி மியூசியமாகத் திறந்தார்கள். மியூசியம் என்றால் கட்டில் போட வேண்டும், மேஜை போட வேண்டும், 'இங்கேதான் ஆன் எழுதினாள்' என்று நாற்காலி போட வேண்டும். எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தானே?

ஓட்டோ மறுத்துவிட்டார். அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், அப்படியே இருக்கட்டும் என்பது அவர் நிலை. அறைகள் காலியாகவே இருக்க வேண்டும். திரும்பி வராதவர்களின் இடம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் காலி அறையைப் பார்த்தால் வருகிறவர்களுக்கு என்ன புரியும்? எட்டுப் பேர் இதற்குள் எப்படிப் படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள் என்று தெரிய வேண்டாமா? அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கட்டுரையின் இரண்டாவது பொம்மை வீடு. 1961-ல் பின்கட்டின் மாடல்களைச் செய்வித்தார். ஒளிந்திருந்த காலத்தில் எந்த அறையில் எந்த ஃபர்னிச்சர் எங்கே இருந்தது என்பது அப்படியே அந்தக் குட்டி அறைகளில் இருக்கிறது. அவை இன்றைக்கும் அந்த மியூசியத்தில்தான் இருக்கின்றன.

ஒரு நிமிஷம் அந்த வேலையை யோசித்துப் பாருங்கள். அந்த மாடலுக்கு விவரம் சொல்லக்கூடியவர், உள்ளே வாழ்ந்தவர்களில் அவர் ஒருவர்தான். என் கட்டில் இங்கே, மார்கோட் கட்டில் அங்கே. ஆனின் மேஜை ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா? அடுப்பு எங்கே? பீட்டர் அறைக்குள் ஏணி எந்தப் பக்கம்? மறந்துபோனதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, கூட இருந்த ஏழு பேரில் ஒருவரும் இல்லை.

பெட்ரோனெல்லா ஊர்ட்மன் இருந்த செல்வத்தைச் சின்னதாகச் செய்து பார்த்தார். ஓட்டோ இழந்ததைச் சின்னதாகச் செய்து வைத்தார். நிஜ அளவில் வைத்தால் பொய்யாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். புதுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு இது மார்கோட்டின் கட்டில் என்று சொன்னால் அது ஏமாற்று. கைக்கு அடக்கமான கட்டிலை யாரும் நிஜம் என்று நினைக்கப்போவதில்லை. 'இப்படி இருந்தது' என்று மட்டும் அது சொல்லும். 'இதோ இருக்கிறது' என்று சொல்லாது.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. 1999 வாக்கில் புகைப்படம் எடுப்பதற்காக மட்டும் அறைகளில் தற்காலிகமாகச் சாமான்களைப் போட்டு, பிறகு எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரி 27-ம் தேதி நியூயார்க்கில் திறந்த கண்காட்சியில் பின்கட்டை முழு அளவில், ஃபர்னிச்சரோடு கட்டிக் காட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம் போக வசதியில்லாத பள்ளிப் பிள்ளைகள் உள்ளே நடந்து பார்க்க முடிந்தது. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. நேரில் கண்ட சாட்சிகள் குறைந்துகொண்டே வருகிற காலத்தில், காலி அறையின் அர்த்தம் எல்லோருக்கும் தானாகப் புரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஆனாலும் அந்த முழு அளவு வீடு வேறு ஊரில்தான் எழுந்தது. பிரின்சன்கிராக்டில் இருக்கிற அறைகள் ஓட்டோ சொன்னபடி காலியாகவே இருக்கின்றன. அவர் 1980-ல் இறந்தார். இத்தனை வருஷம் கழித்தும், ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்துபோகிற இடத்தில், ஒருவருடைய மறுப்பை மதித்து ஒரு நாற்காலி கூடப் போடாமல் வைத்திருப்பது சின்ன விஷயமில்லை.

காலி என்றாலும் துடைத்து எடுத்த காலி இல்லை. சாமான் அள்ள வந்தவர்களால் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. ஆன் ஒட்டிய படங்கள் சுவரில் இருக்கின்றன. நேச நாட்டுப் படைகள் முன்னேறுவதைக் குண்டூசி குத்திப் பார்த்துக்கொண்டிருந்த நார்மண்டி வரைபடம் இருக்கிறது. அதன் பக்கத்தில், வால்பேப்பரில், பென்சில் கோடுகள் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் குழந்தைகளை நிற்கவைத்துத் தலைக்கு மேல் கோடு போடுவார்களே, அதேதான். ஒளிந்திருந்த இரண்டு வருஷத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள்.

பொம்மை வீட்டுக் கணக்கில், ஒன்றுக்குப் பன்னிரண்டு போட்டால், அது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். எந்த மாடலிலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் அந்தச் சுவரிலேயே, நிஜ அளவில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கோடுகள் மங்கிப்போகாமல் இருக்க மேலே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள்.